ரிவர்ஸ் அக்காவும் இரண்டு இரும்பு முளைகளும்

ரிவர்ஸ் அக்காவை நான் முதலில் பார்த்த அன்று, அவர் என் மேஜைமேல் ஒரு இரும்புத் துண்டை வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார். டீ டம்ளர் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

"தம்பி, நீங்கதானே புது இன்ஜினியர்? இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?"

என்னுடையதுதான். உழவர் சங்கத்தின் ட்ராக்டர் நிலையத்தில் சேர்ந்த மூன்றாம் நாள் போட்டது. என் அப்பா கைநாட்டு, தாத்தா கைநாட்டு. எங்கள் வீட்டுக்கு முதல் பட்டம் நான் கொண்டுவந்தது. அதனால் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன். அவர் நீட்டிய அறிக்கையில் அதற்கு மேலே மூன்று வரி இருந்தது: கிளட்ச் கூடு வெடிப்பு. காரணம், ஓட்டுநரின் கவனக்குறைவு. பழுது பார்க்க இயலாது.

"குனிஞ்சு பாத்தீங்களா?"

"பட்டறை மேஸ்திரி பாத்துட்டுச் சொன்னாரு..."

"மேஸ்திரி பாத்ததை நான் கேக்கலையே."

நான் பேனாவை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

அவர் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில்தான் இருக்கும். மற்ற எல்லாருக்கும் ரிவர்ஸ். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தார். ஒருநாள் டிரைவர் வரவில்லை. லோடோடு நின்ற ட்ரெய்லரைக் குறுகலான வாசலுக்குள் பின்னால் கொண்டுபோக வேண்டும். ட்ரெய்லரைப் பின்னால் தள்ளுவது சாதாரண வேலை இல்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் அது வலது பக்கம் போகும். நாலு ஆம்பளைகள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, சும்மாட்டை உதறிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஒரே எடுப்பு. சுவரில் ஒரு கீறல் கிடையாது. பேர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர் தையல்காரர். இரண்டு அறை வீடு. முன்னறையில் அவர் மெஷின். "சங்கத்துல வண்டி ஓட்டப் போறேன்" என்று இவர் சொன்னபோது, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "போ. என் மெஷின்ல மட்டும் கைய வைக்காதே, அது ரிவர்ஸ்ல போகாது" என்றாராம். பிறகு அவரே காக்கிச் சட்டை தைத்து, நிலத்தில் அடையாளம் போடும் சுண்ணக்கட்டிக்குத் தனிப் பையும் வைத்துக் கொடுத்தார்.

அந்தச் சட்டைக்குத்தான் இப்போது ஆபத்து. புதுக் கூடு வர மூன்று மாதமாகும், அதுவரை ட்ராக்டர் கொட்டகையில், நீ ஆபீஸில் டீ வாங்கிக் கொடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து அந்தச் சீட்டில் யார் உட்காருவார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மேனேஜரின் அக்கா மகன் லைசென்ஸை உறை போட்டு வைத்துக் காத்திருந்தான்.

"டீ வாங்குறது கேவலம்னு சொல்லலை தம்பி. நான் உடைக்காததை நான் உடைச்சேன்னு ஒத்துக்கிட்டு வாங்குற டீ தொண்டைக்குள்ள இறங்காது. எழுந்து வாங்க."

போனேன். ட்ராக்டரை நடுவில் பிரித்துக் கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். ட்ராக்டருக்கு லாரி மாதிரி அடிச்சட்டம் கிடையாது. என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே இருக்கும் இந்த வார்ப்பிரும்புக் கூடுதான் முதுகெலும்பு. அது விட்டால் வண்டி இரண்டு துண்டு. மேஸ்திரி கைகட்டி நின்றார்.

"லோடோட மேட்டுல ஏத்தி கிளட்சைப் பட்டுனு விட்டா எந்தக் கூடும் உடையும்மா. இதுக்கு ஒரு விசாரணையா?"

அக்கா மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துக் கூட்டின் அடிப்பக்கம் பூசினார். நன்றாகத் துடைத்தார். பையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவினார். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெள்ளைப் பொடியில் ஊறி மேலே வந்தது. போல்ட் மாட்டும் காது ஒன்று ஏற்கெனவே கையோடு வந்துவிட்டிருந்தது. அதுதான் என் மேஜையில் விழுந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நனைந்த கோடு, ஓணான் வால் மாதிரி.

"இப்போ அந்தத் துண்டை வெளிச்சத்துல பாருங்க."

பார்த்தேன். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்து, எண்ணெய் ஊறிக் கிடந்தது. ஓரத்தில் விரல் அகலம்தான் புது முறிவு; சர்க்கரைத் துகள் போல மின்னியது. போன வாரம் உடைந்த இரும்பு ஒரு வாரத்துக்குள் இவ்வளவு எண்ணெய் குடிக்காது. நாலு வருஷம் படித்த எனக்கு இதைச் சொல்ல நாலு நிமிஷம் போதும். ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான்தான் மேஜையை விட்டு எழவில்லையே.

"இது மாசக் கணக்குல வெடிச்சிக்கிட்டு இருந்திருக்கு" என்றேன்.

"எண்ணெய் ஒழுகுதுண்ணேன்னு நான் மூணு தடவை சொன்னேன். என்ன சொன்னீங்கண்ணே?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "எந்த ட்ராக்டர்தான் ஒழுகலைன்னேன்."

நான் வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து உள்ளே போனேன். கூடு கியர்பெட்டியோடு சேரும் முகத்தில் இரண்டு வழவழப்பான துளைகள். இரண்டிலும் இரும்பு முளை இருக்க வேண்டும். அந்த முளைகள்தான் இரண்டு பாதியையும் அசையாமல் பிடிப்பவை. அவை இல்லாவிட்டால் பாரமெல்லாம் போல்ட்டில் இறங்கும், போல்ட் தளரும், காது வெடிக்கும். இரண்டு துளையும் காலி.

"முளை எங்கே?" என்று அடியிலிருந்தே கேட்டேன்.

அக்காவின் செருப்புச் சத்தம் மட்டும் கொட்டகையின் பின்பக்கம் போய்த் திரும்பியது. என் முகத்துக்கு நேரே ஒரு கை நீண்டது. கட்டைவிரல் பருமனில், பளபளவென்று கடைந்த இரும்பு.

"கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இது. ஏழு மாசமா நான் தினம் போட்டுத் தினம் எடுக்கிறேன். தாழ்ப்பாளுக்கு இவ்வளவு அழகா யாரு கடைஞ்சாங்கன்னு நினைச்சிருக்கேன். போட்டுப் பாருங்க."

போட்டேன். டக்கென்று உட்கார்ந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால்தான் மேஸ்திரி கிளட்ச் தட்டு மாற்றியிருந்தார்.

"ஜோடிக்கும்போது துளை ஒத்து வரலை. அவசரம். அப்புறம் போடலாம்னு எடுத்து வச்சேன்" என்றார் மெதுவாக.

"உங்க 'அப்புறம்' கதவுல தொங்குச்சுண்ணே. என் பொழப்பு அதுக்குக் கீழே தொங்குச்சு."

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். "காரணம் தெரியலைன்னு எழுதிடு. அவளுக்கும் கெட்ட பேர் இல்லை, இவருக்கும் இல்லை. நீயும் புதுசு." வாசலில் நின்ற அக்காவுக்கு அது கேட்டது.

"தெரியலைன்னு எழுதினா நான் ஏறமாட்டேன் சார். தெரியாத வியாதின்னா நாளைக்கு மறுபடி என் தலையிலதான் வரும். உங்க மருமகன் வேணா ஏறட்டும், முளை இல்லாத வண்டியில."

பழைய காகிதத்தில் என் பெரிய கையெழுத்தை நானே அடித்தேன். புதிதாக எழுதினேன்: முளைகள் இரண்டும் பொருத்தப்படாததால் ஏற்பட்ட பழைய வெடிப்பு. ஓட்டுநர் மேல் தவறில்லை. பழுது பார்க்கலாம். கீழே சின்னதாகக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அதற்குப் பிறகு ஆறு மாதம் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. நானும் வைப்பதை விடவில்லை.

பழுது பார்த்தவர் மேஸ்திரியேதான். "நான் கெடுத்தது, நான்தான் பாப்பேன்" என்று யாரையும் கிட்டே விடவில்லை. வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க அதன் முனையில் ஒரு சிறு துளை போட்டார். கோட்டை நெடுக அரைத்துப் பள்ளமாக்கினார். தண்ணீர் தெளித்தால் துளி துள்ளி ஓடும் அளவுக்குக் கூட்டைச் சூடாக்கினார். நிக்கல் குச்சியால் ஓர் அங்குலம் பற்றவைப்பது, சுத்தியால் பொட்டுப் பொட்டென்று தட்டுவது, பொறுப்பது, மறுபடி ஓர் அங்குலம். வார்ப்பிரும்பு கோபக்காரன், அவசரப்பட்டால் பக்கத்திலேயே வெடிக்கும். உடைந்த காதையும் அப்படியே ஒட்டினார். பிறகு சாம்பலில் புதைத்து ஒரு நாள் முழுக்க ஆறவிட்டார். அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்பிக்கை இல்லையாம்மா?"

"உங்க கை மேல இருக்குண்ணே. உங்க 'அப்புறம்' மேலதான் இல்லை."

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காணாமல் போன இரண்டாவது முளையை லேத்தில் கடைந்தோம். மண்ணெண்ணெய் பூசித் துடைத்து அக்கா மறுபடி சுண்ணப்பொடி தூவினார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வண்டியை ஜோடித்ததும், லோடு ஏற்றிய ட்ரெய்லரை மாட்டச் சொன்னார். கொட்டகை வாசலில் மேனேஜரும் அவர் அக்கா மகனும் நின்றிருந்தார்கள். "சார், கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார். ஒரே எடுப்பு. கட்டிலில் விரிப்புப் போட்ட மாதிரி ட்ரெய்லர் உள்ளே போய் நின்றது.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. கூடு இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. கக்கூஸ் கதவுக்குக் கடையில் வாங்கிய தாழ்ப்பாள் போட்டாயிற்று. ரிவர்ஸ் அக்காவுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அதே நிலையத்தில், அதே ட்ராக்டரை, அதே சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறார்.