மூன்று பனியனும் ஒரு பால்குடமும்

அம்மன் தாயின் பிள்ளைகளுக்கு முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மணி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அங்கே எனக்குக் கிடைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. வைத்தவன் எங்கள் தெரு தினேஷ், அவனும் அதே கல்லூரி. மார்பைப் புடைத்துக்கொண்டு நடப்பான். மூளைக்குப் போக வேண்டியதும் சதையாகிவிட்டது போலும்.

அகலமாகத் தெரிய, சட்டைக்குள் மூன்று பனியன் போட ஆரம்பித்தேன். சித்திரை வெயிலிலும் கழற்றவில்லை. அம்பத்தூர் ஜிம்மில் ஒரு வீணாய்ப்போனவன் சத்துமாவு டப்பா விற்றான். டப்பா மேல் ஒருவன் எருமை மாதிரி நின்றிருந்தான். குடித்ததில் வயிறுதான் கெட்டது. சாப்பாடு நின்றது, தூக்கம் போனது. கல்லூரிக்கும் முழுக்கு. அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்தாலே வேண்டாத எண்ணம் வந்தது. "நல்லா சாப்புடுப்பா" என்றார்கள் சொந்தக்காரர்கள். பெரிய கண்டுபிடிப்பு!

அம்மன் முன்னால் அழுதேன். "தாயே, இந்தக் கேவலம் எனக்கு மட்டும்தானா? இன்னொருத்தனைக் காட்டு."

ஆடியில் பால்குடம். வீட்டு வேண்டுதல், தப்ப முடியவில்லை. ஆண்கள் சட்டையில்லாமல்தான் குடம் எடுக்க வேண்டும். கழற்றினேன். தினேஷ் கத்தினான்:

"இன்னா மச்சான், வெங்காயமா நீ? உரிக்க உரிக்க பனியனா வந்துகினே கீது!"

வரிசையே சிரித்தது. குடம் கொடுப்பவர் அவன் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா நைனா, பொண்ணு பாக்கவா வந்துகீற? சட்டய கழட்டு."

அவன் முகம் செத்துவிட்டது. என் காதருகே வந்தான்.

"மச்சான், எனக்குப் பின்னாடி நில்லுடா. யாரும் பாக்காம என் முதுக மறைச்சுக்கோ."

கழற்றினான். முதுகு முழுக்கச் சீழ்க்கட்டி.

"அந்த அம்பத்தூர் ஜிம்காரன் சதை ஏறும்னு ஊசி போட்டான்டா, அதுல வந்துச்சு. இன்னும் பத்தலன்னே கண்ணாடில தெரியுது. தூக்கமே வர்ல."

"ஒட்டடைக்குச்சியால எவ்ளோ மறைக்க முடியுமோ மறைக்கிறேன். நட" என்றேன்.

அம்மனிடம் இன்னொருத்தனைக் கேட்டேன், காட்டிவிட்டாள். நான் பொறாமைப்பட்ட அதே உடம்பைக் காட்டினாள்.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் அவன் கட்டியைக் காட்டப் போய், தூக்கம் இல்லாததையும் சொன்னதில், மனநல டாக்டர் அறை வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். இப்போது தூக்கம் வருகிறது. ஒரே ரயிலில் கல்லூரிக்குப் போகிறோம். எனக்கு எடை ஏறவில்லை. அவளிடம் அதைக் கேட்கவும் இல்லை.

கண்ணாடி முன் கண்ணைக் கசக்கும் தம்பி தங்கைகளே, டப்பா மேல் நிற்கும் பொம்மைப் பயலை நம்பினீர்களே, நீங்கள் அழுதது அவனுக்குக் கேட்டதா? என் தாய்க்குக் கேட்டது. அவளிடம் வாருங்கள். டாக்டரிடம் போகச் சொன்னால் போங்கள், அனுப்புவதும் அவள்தான். வரும்போது ஒரு பனியன் போதும்.