சுகுமாரன் குடித்ததில்லை

பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டிய பாகான் டாலாமில் தண்ணீர் வடிகட்டி என்றாலே சுபாஷினியின் பெயர்தான் முதலில் வரும். மின்னணுத் தொழிற்சாலை வேலையை விட்டு நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தவர் அவர். வீடு வீடாகச் சென்று பேசி விற்பது அவர் வேலை. வாங்கியவரின் சமையலறையில் குனிந்து குழாயைப் பொருத்துவது கணவர் சுகுமாரனின் வேலை. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கிவிட்டுக் களைத்து வந்தாலும், ஒழுகுகிறது என்று யாராவது அழைத்தால் ஸ்பேனரோடு புறப்பட்டுவிடுவார். தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு பீர் எடுத்து வைப்பார்; தமக்கு ஆரஞ்சுப் பானம் ஊற்றிக்கொண்டு கேலியும் வாங்கிக்கொள்வார். சிறுநீரகம் பழுதாகி அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

இந்த ஆண்டு சுபாஷினியின் குழு வடக்கு மாநிலங்களிலேயே அதிகம் விற்றது. பரிசாகக் கிடைத்தது மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம். கப்பல் மால்ட்டாத் தீவில் ஒரு பகல் நின்றது.

தேன்நிறக் கற்கோட்டையும் மாடங்கள் துருத்திய வீடுகளும் பேருந்துச் சன்னலில் கடந்துபோயின. இறங்கி நடக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. துறைமுகத்தைப் பார்த்த உயரமான பூங்காவில், ஊதாச் சட்டையோடு நிறுவனத்தின் பதாகையைப் பிடித்தபடி எல்லாரும் வெயிலில் நிறுத்தப்பட்டனர். படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் தீவைச் சுற்றிப்பார்ப்பது என்று சொல்லிவிட்டார் தலைவி ரமணி. சுபாஷினியை நிறுவனத்தில் சேர்த்துவிட்டவர் அவரே.

நண்பகலில் நேரலை. பட்டர்வொர்த்தில் அப்போது மாலை. சுபாஷினியின் குழுவினர் அங்கே ஒரு மண்டபத்தில் திரை முன் கூடியிருந்தனர். முதல் வரிசையில், மருமகளைப் பார்க்கப் புதுச்சேலை உடுத்தி வந்த ருக்குமணி: சுகுமாரனின் தாயார்.

அந்நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றி பெற்றவர் முதலில் தம் துயரத்தைச் சொல்லியாக வேண்டும். கேட்டு அழுகிறவர்கள் அன்றே உறுப்பினராகிவிடுவார்கள். துயரம் போதாதவர்களுக்கு அதை ரமணி ஏற்பாடு செய்துகொடுப்பார்.

"புருஷன் குடிச்சுக் குடிச்சே கிட்னி போச்சுன்னு ஆரம்பி சுபா," என்றார் ரமணி, சுபாஷினியின் முகத்தில் பவுடர் ஒற்றியபடி. "அழுகை வரலன்னா சும்மா கொஞ்சம் நிறுத்து. மிச்சத்த அவங்க அழுவாங்க."

"யாரு குடிச்சா?"

"ஸ்டோரிதானேலா. கிட்னின்னாலே ஊர்ல அப்படித்தான் நினைக்கிறாங்க."

"உங்க வீட்டு பில்டரும் அவர் மாட்டுனதுதான் அக்கா. நீங்க பீர் நீட்டுனப்ப வேணாம்னுட்டு தண்ணி கேட்டாரு."

"செத்தவருக்கு என்ன கெட்டுப்போச்சு? உயிரோட இருக்குற நமக்கு ஆள் வேணும்."

சுபாஷினி அந்தக் கையை முகத்திலிருந்து தள்ளிவிட்டார். அவருடைய மாமியார் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், அந்தத் தாயின் மகனைக் குடிகாரன் என்று சுபாஷினி தம் வாயாலேயே சொல்லவேண்டுமாம். நோயாளியாகக் கிடந்தபோது, குடித்திருப்பார் என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தவர்களுக்கு அஞ்சி ஒதுங்கியவரல்லர் சுகுமாரன். இன்று பதில் சொல்ல அவர் இல்லை என்பதுதான் இவர்களுக்கு வசதி.

"ரெடியா அக்கா? லைவ் போறோம்," என்றான் படம்பிடிக்கும் கிருஷாந்த்.

கீழே கொத்தளத்தில் நண்பகல் பீரங்கி வெடித்து அடங்கியது. சுபாஷினி பேசினார்.

"என் புருஷன் சுகுமாரன் குடிச்சதே இல்ல. குடிச்சாருன்னு சொல்லச் சொல்லி என்னை இங்க நிப்பாட்டி வச்சிருக்காங்க. உங்க வீட்டு சிங்க்குக்கு அடியில படுத்துக் கிடந்தாரே, நீங்கதான் பார்த்திருக்கீங்களே. என்னைக்காவது அவர்மேல வாடை அடிச்சிச்சா?"

ரமணி கையை வீசினார், ஒளிபரப்பு அறுந்தது.

"பைத்தியமா உனக்கு? ரேங்க் போயிரும் சுபா."

சுபாஷினி பதில் சொல்வதற்குள் அவருடைய கைப்பேசி ஒலித்தது. ருக்குமணி.

"நீ பேசுனத கேட்டேம்மா. ஆனா அதுக்கு முந்தியே திரையில சுவரளவுக்குப் போட்டுட்டாங்க, 'குடிகாரக் கணவனை வென்ற பெண்'னு. உன் படம், பக்கத்துல அவன் படம். உங்க கல்யாணப் படத்த வெட்டி எடுத்திருக்கானுங்க. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். நம்ம ஆளுங்க பாதிப் பேரு என் பின்னாலயே வந்துட்டாங்க. எல்லாருக்கும் சாப்பிட வச்ச மீ கோரேங் அப்படியே கிடக்கு."

அந்தத் திருமணப் படத்தைக் கொடுத்தவர் சுபாஷினிதான். சென்ற வாரம் ரமணி கேட்டபோது, மறைந்தவருக்கு மரியாதை செய்யப்போகிறார்கள் என்று நம்பி அனுப்பியிருந்தார். அந்த நினைவு வந்ததும் அவருடைய குரல் தணிந்தது. உடனிருந்தவர்களை அச்சுறுத்தியது அந்தத் தணிவே.

இதற்குள் ரமணிக்கும் மண்டபத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. "எல்லாரையும் உள்ள போய் உக்காரச் சொல்லுலா. நீ சொன்னா கேப்பாங்க."

"நீங்க சொல்லுங்க. கேமரா முன்னால நின்னு, உங்க வாயால."

"நானா?"

"நீங்கதான். இல்லன்னா அந்த ஹால்ல நாற்காலி மட்டும்தான் இருக்கும்."

கிருஷாந்த் மறுபடி நேரலையைத் தொடங்க, ரமணி கேமரா முன் நின்றார். ஒரு தகவல் தவறாகப் போய்விட்டது என்று தொடங்கினார்.

"தகவல் இல்லக்கா. பொய்யின்னு சொல்லுங்க."

ரமணி சொன்னார்.

ஆனால் அதைக் கேட்டவர்கள் மண்டபத்தில் மிஞ்சியிருந்தவர்கள் மட்டுமே. வெட்டிய படம் அதற்குள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவத் தொடங்கியிருந்தது. பேருந்து நகர வாயிலில் நின்றதும், ஊதாச் சட்டைகள் அவசரமாக இறங்கின.

"நீங்க இறங்கலையாக்கா? நாலு மணிக்குக் கப்பல் கிளம்பிரும்."

"நீ போ கிருஷாந்த். எனக்கு வேலை இருக்கு."

சுபாஷினி சன்னல் திரையை இழுத்து மூடினார். கணவர் குழாய் பொருத்திய வீடுகளில் முதலாவதை அழைத்தார். ஊரில் அப்போது இரவுச் சோறு உண்ணும் நேரம்.

"ஷாஹிரா, சுபா அக்கா பேசுறேன். உனக்கு ஒரு படம் வந்திருக்கும். அது பொய். போனை வச்சிராத, இரு, உங்க அம்மாகிட்டயும் குடு."