எதிர் வீட்டுக்குப் போகும் வழி

இன்று காலை வரை என் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்கு மேலே, ஓர் எவர்சில்வர் தூக்கு இருந்தது. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அழுத்திப் பிடித்துத் தட்டினால்தான் பொருந்தும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதை அத்தையின் தூக்கு என்று சொல்லுவேன். சரியாகச் சொன்னால் அது பாதி அத்தைக்கும் பாதி எதிர் வீட்டு நர்ஸம்மாவுக்கும் சொந்தம். முதலில் யார் வாங்கியது என்பது அவர்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

அத்தை, என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடையாறில் பஸ் போகும் சாலையில், முதல் மாடியில் அவள் வீடு. வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த நாளிலிருந்து நானும் அங்கேதான். சாலைக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா. சாந்தோம் கடற்கரைப் பக்கத்து மீனவக் குடும்பம். ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தையின் வத்தக்குழம்பு தூக்கில் அங்கே போகும். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சட்டம். அதனால் கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம், மற்ற நாளில் கொஞ்சம் சர்க்கரை, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது அதில் திரும்பி வரும். வத்தக்குழம்புக்கு என்ன தொட்டுக்கொள்வார் என்று அத்தை கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வஞ்சிரம் வறுக்கிற வாசனை சாலையைத் தாண்டி வந்து சொல்லிவிடும்.

பாத்திரம் ஒரு சாக்குதான். போய் உட்கார்ந்து பேசுவதுதான் விஷயம். முன்பெல்லாம் எங்கள் வாசலுக்கு நேரே சாலை நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அத்தை புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தூக்கை முன்னால் நீட்டியபடி கடந்து போவாள். கார்கள் கூடக் கூட அந்த இடைவெளி தொல்லையாகிவிட்டது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் நடுவில் இடுப்புயரச் சுவரும், அதன்மேல் கம்பியும் நின்றன. நடைமேம்பாலம் எங்கோ தள்ளி இருந்தது. அதன் படிகளைப் பார்த்தாலே அத்தையின் முழங்காலுக்கு வலி வந்துவிடும். சிக்னல் வரை நடக்கலாம் என்றால் நடைபாதையில் கார்கள் ஏறி நின்றுகொண்டிருந்தன. சுவர் வந்த அன்று தூக்கு நர்ஸம்மா வீட்டில் இருந்தது.

"நான் போய் வாங்கிண்டு வரேன்" என்றால் கோபம் வரும். ஆட்டோ கூப்பிடட்டுமா என்றால் இன்னும் அதிகமாக வரும். "எதிராத்துக்குப் போறதுக்கு ஆட்டோவா? கேக்கறவா சிரிப்பா." ஆக, இரண்டு பேரும் அவரவர் பால்கனியில் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே செல்போனில் பேசினார்கள். ஹாரன் சத்தத்தில் பாதி கேட்காது. ஆயுசு முழுக்க ஊராரைப் பேச வைத்தவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டு உள்ளே வருகிறபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

மனிதன் கண்டுபிடித்தவற்றிலேயே மோசமானது எது என்று ஒருமுறை வீட்டில் பேச்சு வந்தது. நான் அணுகுண்டு என்றேன். வந்திருந்த உறவினர் பிளாஸ்டிக் என்றார். அத்தை முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "கார்" என்றாள். கீழே என் கார் நிற்பதை நினைவுபடுத்தினேன். "அது மேல என்னடா தப்பு, அது பாட்டுக்கு நிக்கறது. கார் போறதுக்காக மனுஷா நிக்கணும்னு ஒருத்தன் கண்டுபிடிச்சான் பாரு, அதைச் சொல்றேன்."

நர்ஸம்மா மகனோடு கொட்டிவாக்கத்துக்குக் குடிபோகப்போவதாகப் போன் வந்தது ஒரு டிசம்பரில். "மாமி, கல்கல் சுட்டு ரொப்பி வச்சிகினு கீறேன். நீ வந்தாத்தான் குடுப்பேன்." அத்தை வீம்பை விட்டாள். என் காரில் ஏறினாள்.

எதிர் வீட்டுக்குப் போகும் வழி இது: வாசலில் இடப்பக்கம் திரும்பி, ஊர்ந்து, திரும்ப அனுமதி உள்ள இடம் வரை போய், அங்கே வரிசையில் காத்திருந்து, அந்தப் பக்கமாக ஊர்ந்து வர வேண்டும். வந்தோம். தூக்கோடு நர்ஸம்மா கேட்டருகே நின்றார். ஓரம் முழுக்க நிறுத்திவைத்த கார்கள். பின்னால் பஸ் அலறியது. நிறுத்த முடியாமல் நான் நகர்ந்தேன்; நர்ஸம்மாவின் முகம் கண்ணாடிக்கு வெளியே பின்னால் போனது. மறுபடி ஒரு சுற்று. எங்கள் வீட்டு வாசலையே தாண்டிப் போனபோது அத்தை தன் பால்கனியை அண்ணாந்து பார்த்தாள்.

இரண்டாவது தடவை கேட்டுக்கு நேரே வந்ததும், ஊர்ந்துகொண்டிருந்த காரின் கதவை அவள் திறந்துவிட்டாள். பதறிப்போய் பிரேக் போட்டேன். இறங்கினாள். பின்னால் ஒரே ஹாரன். பஸ் ஜன்னலில் இருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "யம்மா, இன்னாம்மா இது, ரோடா வூடா?" என்று கத்தினார். அத்தை திரும்பி, உள்ளங்கையைக் காட்டி, வேலை பார்த்த நாட்களின் அந்தக் குரலில் சொன்னாள்: "கொஞ்சம் லைன்ல இருங்கோ."

கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார். பின்னால் இருந்தவர்களும் எங்கோ யாரையோ பார்க்கப் போகிறவர்கள்தானே, எப்படியோ பொறுத்துக்கொண்டார்கள். அத்தை நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு தூக்கோடு வந்து ஏறி, வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

இனி நிரப்பித் திருப்ப வேண்டியது எங்கள் முறை. கொட்டிவாக்கம் ஒன்றும் தூரதேசமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே கார் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நிற்கும். "அடுத்த வாரம் போலாம்டா" என்று அத்தையே தள்ளிப்போடுவாள். அப்படித் தள்ளிக்கொண்டே வந்தவள், ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

சேதி கேட்டதும் நர்ஸம்மா கிளம்பிவிட்டார். வந்து சேர்ந்தபோது நாங்கள் மயானத்திலிருந்தே திரும்பியிருந்தோம். "வந்துக்கினேதான் இருந்தேன் தம்பி, வண்டி நவுரவே இல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவரைச் சமாதானப்படுத்த என்னால் முடியவில்லை. அத்தை நின்று பேசும் பால்கனிக்குப் போய், தாம் குடியிருந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது அலமாரியில் தூக்கைக் கண்டார். தீட்டு வீட்டிலிருந்து எதுவும் கொடுத்தனுப்ப முடியாது; காலியாகவும் கொடுக்க முடியாது. நான் தயங்குவது அவருக்குப் புரிந்தது. "இருக்கட்டும். வருசம் முடியட்டும், ரொப்பி எடுத்துகினு வா" என்றார்.

வருஷம் முடிந்தது. இன்று காலை வத்தக்குழம்பு வைத்தேன். அத்தை கைப்பக்குவம் வரவில்லை, உப்பு ஒரு கல் கூட. காரை எடுக்கவில்லை, பஸ் ஏறினேன். பஸ்ஸும் கார்களுக்கு நடுவில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. திருவான்மியூர் தாண்டுவதற்குள் அசையாமல் நின்றுவிட்டது. மடியில் தூக்கு சூடாக இருந்தது. நசுங்கிய மூடியைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எங்க கீற தம்பி? எத்தினி நேரம் ஆவும்?"

"தெரியலை நர்ஸம்மா. கொஞ்சம் லைன்ல இருங்கோ" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஆனால் போனை அவர் வைக்கவில்லை.