வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கைப்பைக்குள் கத்தரிக்கோலைத் தேடிக் கையை விட்டால் டெய்லரக்காவுக்கு முதலில் கிடைப்பது திருப்புளிதான். "இது ஒண்ணு, கூப்பிடாமலே வந்து நிக்கும்" என்று அதைச் செல்லமாகத் திட்டிவிட்டு மறுபடி துழாவுவார். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் கதவுகளின் மேல்தான் ஓடும். ஏதாவது அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால் போச்சு, அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு நீளும்.

அவருக்கு மனம் பேதலித்திருந்த காலத்தில் அவர் அறைக் கதவிலும் அண்ணன் அப்படியொன்றைப் பொருத்தியிருந்தார். கோபம் உண்டா என்று கேட்டால் கையை உதறுவார். "பாவம், பயந்துட்டான். அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தா? கதவு ஒண்ணுதான் தெரிஞ்சுது." மாத்திரையை இன்றும் விடவில்லை. எல்லோர் முன்னாலும் வாயில் போட்டுக்கொண்டு, "என் மூளைக்குச் சாப்பாடு" என்பார்.

இப்போது ஒரு தையல்கூடம் நடத்துகிறார். அவரைப் போல மனநோயோடு மல்லுக்கட்டியவர்கள் கூடி, வெட்டுத்துணிகளை ஒட்டிப் படம் தைக்கும் இடம். பழைய பஸ் டிரைவர் ஒருவர் பஸ்ஸாகவே தைத்துத் தள்ளுகிறார். ஒன்றிலும் ஆளில்லை. கேட்டால், "இன்னும் ஸ்டாப் வரலை" என்கிறார். வாசல் திரையின் அடியோரத்தில், பல வீடுகளில் கழற்றிய தாழ்ப்பாள்கள் தொங்குகின்றன. காற்றடித்தால் கலகலவென்று சத்தம். முதல் தாழ்ப்பாள், அண்ணன் தானே கொண்டுவந்து கொடுத்தது.

நேற்று அவர் போனது, கூடத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு. ஒருநாள் நினைவு தடுமாறி நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். அன்றிலிருந்து அம்மா வேலைக்குப் போகும்போது அவளை அறையில் வைத்துத் தாழிட்டுவிட்டுப் போகிறார். நேற்றும் தாழிட்டுவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம் என்று டெய்லரக்கா சொன்னதும் அம்மா சீறினார்.

"மறுபடி ரோட்டுல இறங்கிட்டா? ஓடி வர்றது நீங்களா?"

"நான்தான் வருவேன். காலையில கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் நம்ம டிரைவர் கொண்டுவந்து விடுவார். டாக்டர், மருந்து எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனா பூட்டி வைக்க அவ என்னம்மா தப்பு பண்ணா? நோய் வந்தா மனுஷிக்கு உள்ள உரிமை போயிடுமா?"

அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதார். டெய்லரக்காவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாவைப் பார்க்கையில் அவருக்கு அண்ணன் முகம்தான் நினைவுக்கு வந்தது. வேலைக்கு நேரமாகிக்கொண்டே போனது. கடைசியில் அம்மா சரியென்று தலையசைத்தார்.

டெய்லரக்கா திருப்புளியை எடுத்தார். உள்ளே இருப்பவரைக் கேட்காமல் அவர் கை வைப்பதில்லை. கதவைத் தட்டினார்.

"நான்தான் கண்ணு. இதைக் கழட்டட்டுமா?"

உள்ளே காலடி கதவருகே வந்தது.

"நீங்க வேணாம்க்கா. அம்மா கழட்டட்டும்."

டெய்லரக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திருகாணி கழற்றுவதென்றால் அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் திருப்புளியை நீட்டினார். அம்மா கையிலிருந்து அது இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. டெய்லரக்கா எடுத்துக் கொடுத்தாரே தவிர, தானே கழற்ற வாங்கிக்கொள்ளவில்லை. ஒருவழியாகத் தாழ்ப்பாள் கையோடு வந்தது.

கதவைத் தள்ளப் போன அம்மா பாதியில் கையை இழுத்துக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரலை மடக்கி, மெதுவாகத் தட்டினார்.