ஏரி நடுவே சட்ட வகுப்பு

கோட்டைக்குப்பத்துக்குப் போன படகில்தான் அந்த வக்கீலைப் பார்த்தேன். முதுகலைச் சட்டம் படிக்கிறாராம். எங்கிருந்தும் படிக்கலாம் என்பதால் வகுப்பு செல்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது. பேசுமுன் ஒவ்வொரு முறையும் செல்பேசிக் கேமராவை வக்கீல்கள் கட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையால் துடைத்துக்கொள்வார். சத்தமாக இருக்கிறதென்று நடு ஏரியில் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, மீனவர்களின் மரபுரிமை பற்றிப் பொழிந்து தள்ளினார்.

ஆழமில்லாத ஏரி அது; பக்கத்தில் இடுப்பளவு நீரில் வலையோடு நின்ற ஒருவர் கத்தினார்:

“சார், இன்னிக்கு இந்த எடம் எங்க பாடு. ஊர்ல முறை வச்சுக் குடுத்தது. படக நவுத்துங்க, வலை போடணும்!”

வக்கீல் மைக்கை அணைத்தார். “இன்னாய்யா, கிளாஸ் நடக்குது, தெரியல? ஓரமா போ!”

செல்பேசியில் பேராசிரியை கேட்டார்: “பக்கத்துல மீனவர் யாராவது இருந்தா பேசச் சொல்லுங்களேன்.”

வக்கீல் கேமராவைத் துடைத்தார். மைக்கைத் திறந்தார்.

“ஒருத்தரும் இல்ல மேடம்.”

அந்த முகத்தில் பொய் சொல்கிற கூச்சம் துளியும் இல்லை. நிஜமாகவே அவர் கண்ணுக்கு யாரும் தெரியவில்லையோ?