முனிரத்தினம் அண்ணனின் இடக்கை

முனிரத்தினம் அண்ணனைப் பதினெட்டு ஆண்டுகள் தவறான கையால் கிட்டார் வாசிக்க வைத்தது எங்கள் மெல்லிசைக் குழு. அவர் மாரடைப்பில் இறந்த செய்தி, திருத்தணி ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்கு நான் நின்றிருந்தபோது போனில் வந்தது. அதே குழுவில் கீபோர்டு வாசிப்பவன் நான்.

அண்ணன் அம்மையார்குப்பத்துக்காரர், இடக்கைப் பழக்கம் உள்ளவர். மற்ற கிட்டார்காரர்கள் இடக்கையால் கம்பியை அழுத்திச் சுரம் பிடித்து, வலக்கையால் மீட்டுவார்கள். அண்ணன் கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டி, இடக்கையால் மீட்டுவார். குழுவில் சேர்ந்த அன்றே முதலாளி தடுத்ததை அவரே ஒருமுறை எனக்கு நடித்துக் காட்டினார்.

“இன்னாய்யா, அம்மன் மேடையில பீச்சாங்கையால வாசிக்கிற? கமிட்டிக்காரன் ஒத்துப்பானா?”

“மத்தவங்க அதே கையாலதாங்க சுரம் புடிக்கிறாங்க. அம்மனுக்கு அது தெரியாதுங்களா?”

“வாய் நல்லா வாசிக்குது. கைய மாத்து, இல்ல பஸ் ஏறு.”

மாற்றிக்கொண்டார். எந்த ஊர்க் கோயில் கமிட்டியும் கையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. தன் அருவருப்புக்கு முதலாளி அம்மனைத் துணைக்கு அழைத்தார், அவ்வளவுதான். பழகாத வலக்கை தடுமாறினால், “நம்ம கிட்டாரு பாசஞ்சர் வண்டி, நின்னு நின்னுதான் வரும்” என்று முதலாளி மைக்கிலேயே சொல்வார். நாங்கள் சிரிப்போம். நானும்தான்.

போன வருடம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேடையில் நாங்கள் கொலை செய்யும் ஒரு பாட்டை இடக்கையால் மீட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டேன்.

“ஏன்ணா இத்தன வருசம் ஒத்துக்கினு இருந்தீங்க?”

“பொண்ணு படிச்சிகினு இருந்தாளேடா. மேடையில வாசிக்கிறது நான் இல்ல, எதிர் வூட்டுக்காரன்னு நெனச்சிக்குவேன்.”

அன்று அவர் இடக்கையால் மீட்டுவதைப் போனில் படம் எடுத்தேன். அஞ்சலி பேனருக்கென்று குழுவினர் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். இப்போது பஸ் நிலையத்தருகே ‘இசை மேதை’ என்ற எழுத்தின் கீழே அண்ணன் வலக்கையால் மீட்டுகிறார். சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது. படத்தை இடம் வலமாகப் புரட்டி அச்சடித்திருக்கிறார்கள். பிணத்தின் கையைக்கூட விடாத கூட்டம் இது.

போய் வாருங்கள், அண்ணா. நாங்கள் மேடையில் கேட்டது உங்களை அல்ல.

நேற்று முதலாளியிடம் போனேன். “காரியத்துக்குள்ள அந்த பேனர எறக்குங்க. எடுத்தது எடுத்தபடி படத்தப் போடுங்க.”

ஸ்பீக்கர் பெட்டிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு கைய அவருகிட்டயே குடுங்க” என்றேன்.

அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்.