கடைசிக் கிண்ணத்துக்கும் அதே மின்னோட்டம்

அம்பாளை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1974 மார்ச். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, பி.எஸ்ஸி. வேதியியலில் தவறிய ஒரே தாளை மறுபடி எழுதக் காத்திருந்தேன். கணவர் காலமான பிறகு படிக்க வந்தவள் நான். உடன் படித்தவர்கள் தேறிப் போய்விட்டார்கள். அறையில் நான் மட்டும். சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே பொழுது போகும்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா திருநெல்வேலிக்கே வந்துரு. அங்க ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போற?" என்று சொல்லியிருந்தார் அண்ணன். நல்லவர்தான். ஆனால் போனால் அந்த வீட்டு அடுப்படியோடு என் காலம் முடிந்துவிடும்.

என்னைக் கவிழ்த்தது மின்னாற்பகுப்புக் கணக்கு. ஆம்பியரை விநாடியால் பெருக்கினால் மின்னூட்டம். அதிலிருந்து எலக்ட்ரான்களின் அளவு. அதுவரை சரி. வெள்ளிக் கரைசல் ஒரு கிண்ணம், தாமிரக் கரைசல் ஒரு கிண்ணம், ஒரே கம்பியில் அடுத்தடுத்து என்று வந்தால் மட்டும் விடை தப்பிவிடும். ஏன் என்று கேட்க ஆளில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கற்பகாம்பாள் சன்னதியில், "எனக்கு யாருமில்லை, நீயாவது சொல்லிக்கொடு" என்று அழுதேன். தீபாராதனை முடிந்து குருக்கள் தட்டோடு வந்தார். வரிசையில் கடைசி ஆள் நான். இத்தனை பேர் ஒற்றிக்கொண்ட பிறகு எனக்கு என்ன மிஞ்சும் என்று நகரப் பார்த்தேன்.

"எங்கம்மா போறே? கடைசியா நின்னா சூடு கொறஞ்சுடுமா? ஒத்திக்கோ" என்றார்.

கண்ணில் ஒற்றினேன். என் கணக்கில் எங்கே தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. ஆறு பிள்ளைகள் வீட்டில் பிறந்தவள் நான்; எது வந்தாலும் பங்கு போட்டே பழக்கம். மின்னோட்டத்தையும் கிண்ணத்துக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன், அசடு! ஒரே கம்பியில் போவது குறையாது. முதல் கிண்ணத்தில் எத்தனை எலக்ட்ரானோ, அடுத்ததிலும் அத்தனை. வெள்ளி அணுவுக்கு ஒன்று வேண்டும், தாமிர அணுவுக்கு இரண்டு, வித்தியாசம் அவ்வளவுதான். குளக்கரையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். விடை வந்தது.

தேறினேன். அடையாறில் ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. இப்போதும் தனியாகத்தான் இருக்கிறேன். சாயங்காலம் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் பயம் போய்விட்டது. கூப்பிட்டால் கேட்க அவள் இருக்கிறாள். எனக்கு யாருமில்லை என்று நினைப்பவர் இதைப் படித்தால், ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாருங்கள். நான் பின்னால்தான் நிற்பேன். என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.